அன்னாவுக்கு என்ன வேண்டும்?

போன மாதம் வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது கைபேசி அடித்தது. கொட்டாஞ்சேனையில் நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பதிப்பகத்திலிருந்து சர்மிளா கதைத்தாள். இப்போது என் மேசையில் இருப்பவள் அவள்தான்.

"அன்ரி, ஒரு சரித்திர நாவல் வந்திருக்கு. பெரிய ஆள் எழுதினது. பிழை பாக்கிற மென்பொருளில போட்டுப் பாத்தன், பிழை ஒண்டும் இல்லை எண்டு காட்டுது. ஆனா வாசிக்க ஏலாமக் கிடக்கு. என்ன செய்யிறது?"

கையிலிருந்த முருங்கைக்காயைக் கூடையில் திரும்பப் போட்டுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. என் வேலைக் காலத்தின் மிகச் சிறந்த பகுதி அப்படிப்பட்ட ஒரு நாவலோடுதான் தொடங்கியது. வீட்டுக்கு வந்து அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போனது. அதனால் இருந்து எழுதிவிட்டேன். எனக்குப் புத்தி சொல்ல வராது. நடந்ததைச் சொல்ல வரும்.

பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துவிட்டு அந்தப் பதிப்பகத்தில் ஒப்புநோக்குநராகச் சேர்ந்தேன். புரூவ் பார்க்கிற வேலை. பாடப் புத்தகங்கள், சோதிடம், சமையல், கோயில் சிறப்பு மலர்கள் என்று கண்ணில் பட்டதெல்லாம் திருத்தினேன். சில வருடங்களில் கண் பழகியது. ஆனால் ஒரு நாவலை எப்படி வாசிப்பது என்பதை அங்கே தலைமைப் பதிப்பாசிரியராக இருந்த நிஸாம் சேரைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

நிஸாம் சேர் மருதானைக்காரர். மெல்லிய ஆள், வெள்ளைச் சட்டை, எப்போதும் மடித்துவிட்ட கை. எழுத்தாளர் யாராவது கைப்பிரதியோடு படியேறி வந்தால் அவர் நாற்காலியை விட்டு எழும்புவார். மேசைக்கு இந்தப் பக்கம் வந்து இரண்டு கையாலும் வாங்குவார். எழுதியவர் முன்னால் அதைத் திறக்க மாட்டார். தேத்தண்ணி குடிக்க வைத்து, பிள்ளைகளின் படிப்பு விசாரித்து, வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வருவார். அதற்குப் பிறகுதான் முதல் பக்கம்.

முதல் வாசிப்பில் கையில் பென்சில் இருக்கக் கூடாது என்பது அவர் சட்டம். மறந்து நான் எடுத்தால் வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "பிழை தேடினாப் பிழதான் கெடைக்கும். முதல்ல கத கேளுங்க" என்பார். வாசித்து முடித்த பிறகு கைப்பிரதியை மூடிவைத்துவிட்டு, கதையை வாயால் அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "அப்போது தற்செயலாக" என்று நான் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் சுட்டுவிரல் ஒருமுறை உயரும். வேறொன்றும் பேச மாட்டார். கதை முடிந்ததும் கேட்கிற கேள்வியும் ஒன்றே ஒன்றுதான். "இந்த ஆளுக்கு என்ன வேணும்?" அதற்கு ஒரு வசனத்தில் பதில் சொல்ல முடியாவிட்டால் நாவலில் ஏதோ கோளாறு, அல்லது நான் சரியாக வாசிக்கவில்லை. பெரும்பாலும் இரண்டாவது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார். திரும்ப வாசிக்க அனுப்புவார். பென்சில் அதன் பிறகுதான் திரும்பி வரும்.

அப்படிப் பழகியிருந்த காலத்தில்தான் கனகேஸ்வரி ரீச்சரின் சரித்திர நாவல் வந்தது.

கனகம் ரீச்சர் என்று எல்லாரும் அழைக்கிற அவரைத் தெரியாத தமிழ் வாசகர் அப்போது கொழும்பில் இருக்கவில்லை என்றே சொல்லலாம். பம்பலப்பிட்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் படிப்பித்து, அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். வாரப் பத்திரிகையில் அவருடைய தொடர்கதை வரும் நாளில் எங்கள் வீட்டில் பேப்பருக்கு இழுபறி நடக்கும். அவர் முதன்முதலாகச் சரித்திர நாவல் எழுதுகிறார் என்ற செய்தி வந்ததும் எங்கள் முதலாளி பத்திரிகையில் விளம்பரமே கொடுத்துவிட்டார். வெளியீட்டுக்கு மண்டபமும் சொல்லியாயிற்று. நாவலின் பெயர் 'முகத்துவாரத்து மாளிகை'. ஒல்லாந்தர் கையிலிருந்த கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு மாறுகிற காலம். கொட்டாஞ்சேனையில் ஒரு தையற்காரியின் மகள் அன்னம். அவள் அன்னம்மா ஆகி, பிறகு தோனா அன்னா ஆகி, அரசாங்கத் துபாஷி ஒருவரின் மனைவியாக முகத்துவாரத்து மாளிகையில் ஏறி உட்காருகிறாள். இதுதான் கதை.

நான் எப்படித் துள்ளியிருப்பேன் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் அலுவலகம் இருந்த அதே தெருக்கள். மேலே போக வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கும் ஒரு பெண். எழுதியவர் கனகம் ரீச்சர். சுருள்கம்பி போட்ட அந்தக் கைப்பிரதிக் கட்டை நிஸாம் சேர் என் கையில் தந்தபோது, ரயிலில் வைத்தே திறந்துவிட்டேன். கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வரை கடலைப் பார்க்கவே இல்லை.

முதல் பக்கம் அபாரம். இருபதாவது பக்கத்தில் ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. ஐம்பதைத் தாண்டியபோது எனக்கு மனம் விழுந்துவிட்டது.

அன்னா ஒன்றுமே செய்யவில்லை. அவள் அழகாக இருந்தாள், அவ்வளவுதான். துபாஷியின் பல்லக்கு அவள் வீட்டு வாசலில் தற்செயலாக உடைகிறது. அவள் கைக்குட்டை தற்செயலாகத் தேசாதிபதி மனைவியின் காலடியில் விழுகிறது. போட்டியாக இருந்த பணக்காரப் பெண் தற்செயலாகக் காய்ச்சலில் போய்விடுகிறாள். பட்டுத்துணியும் சரவிளக்கும் விருந்து மேசையும் பக்கம் பக்கமாக வருகின்றன. தண்டவாளமே போடாத காலத்தில் அன்னா புகையிரதச் சத்தம் கேட்டு விழிக்கிறாள். அதையெல்லாம் ஒரு காலைப்பொழுதில் திருத்திவிடலாம். ஆசை பிடித்தவள் என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லப்படுகிற ஒருத்திக்கு ஆசையே இல்லாமல் இருப்பதை எந்தப் பென்சிலால் திருத்துவது? கடைசியில் கொள்ளைநோய் வந்து, தான் செய்த பாவத்துக்கு அழுதழுது சாகிறாள். என்ன பாவம் செய்தாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடமைக்காகப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு சின்ன அத்தியாயம் வந்தது. நாலே பக்கம்.

ஆங்கிலேயர் வீட்டு விருந்துக்கு மருமகளுக்குப் புதுச் சட்டை தைக்க வேண்டும் என்று மாமியார் ஒரு தையற்காரியைக் கூப்பிடுகிறாள். வருகிறவள் அன்னாவின் தாய். மாமியாருக்கு அது தெரியாது. தாய் தரையில் முழந்தாளிட்டு மகளுக்கு அளவெடுக்கிறாள். வாயில் ஊசி. "அம்மா கொஞ்சம் நேராக நிற்க வேணும்" என்கிறாள். பெற்றவள் மகளை அம்மா என்கிறாள். "நீ சீக்கிரம் முடி" என்கிறாள் மகள். அளவுக் கயிறு இடுப்பைச் சுற்றி வருகிறது. பிறந்த நாளிலிருந்து அந்த இடுப்புக்குத் தைத்தவளுக்குக் கயிறு ஒரு சேதி சொல்கிறது. அவள் மாமியார் பக்கம் திரும்பி, "நல்ல துணி, வெட்டி எறியாமல் உள்ளே மடித்துத் தைக்கிறேன். சில மாதம் போக அம்மாவுக்குத் தேவைப்படும், பிரித்து விடலாம்" என்கிறாள். சிக்கனமான தையற்காரி என்று மாமியாருக்குத் திருப்தி. தன் வயிற்றில் பிள்ளை இருப்பது அன்னாவுக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிகிறது. தாயின் முகத்தைப் பார்க்கிறாள். "சரி, நீ போகலாம்" என்கிறாள்.

அத்தோடு அத்தியாயம் முடிகிறது. கண்ணீர் இல்லை, உபதேசம் இல்லை.

நான் எழும்பிவிட்டேன். வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். குசினிக்குப் போய் ஏன் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். இதை எழுதத் தெரிந்தவர் மிச்சத்தை ஏன் அப்படி எழுதினார்? திங்கட்கிழமை முதல் ரயிலுக்கே போனேன். நிஸாம் சேரின் முன்னால் உட்கார்ந்து கதை சொன்னேன். அவருடைய விரல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் மேலேயே நின்றுவிட்டது. பிறகு அந்த நாலு பக்கத்தைச் சொன்னேன். விரல் மடங்கியது. கண்ணைத் திறந்தார்.

"புள்ள, இது ரீச்சர் எழுதினதா?"

"ஓம் சேர். வேற ஆர் எழுதுறது?"

"அப்ப மத்தத எழுதினது ஆரு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "போவம். ரெண்டு பேரும் போய்ச் சொல்லுவம். இதக் கடிதத்தில எழுதக் கூடாது."

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையில் ரீச்சரின் வீடு. தட்டை வடையும் தேத்தண்ணியும் வந்தன. ரீச்சர் பருத்திச் சேலையில், நெற்றியில் திருநீற்றோடு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நிஸாம் சேர் என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

"பவானி, நீர் வாசிச்சனீரோ?" என்று ரீச்சரே தொடங்கினார்.

"வாசிச்சனான் ரீச்சர். ஒரு அத்தியாயம் என்னை உலுப்பிப் போட்டுது."

"எது, அந்த விருந்து வாறதோ?"

"இல்லை ரீச்சர். தாய் வந்து அளவெடுக்கிறது."

அவர் முகம் மாறிவிட்டது. "அதை எடுத்துப்போட வேணும் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன். என்ர மகளும் சொன்னவ, அதில அன்னா கல்நெஞ்சுக்காரியாத் தெரியிறா எண்டு. வாசிக்கிறவை அவளை வெறுத்துப் போடுவினம்."

"அந்த ஒரு இடத்திலதான் ரீச்சர் அவ உயிரோட இருக்கிறா. மிச்ச இடமெல்லாம் அவ ஏறுறா எண்டு நீங்கள் எழுதியிருக்கிறியள். ஆனா ஏறேல்லை. ஆரோ தூக்கித் தூக்கி வைக்கினம்."

அந்த நேரம் பார்த்துக் கரையோர ரயில் போனது. அது போய் முடியும்வரை மூன்று பேரும் வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்ப நாவல் சரியில்லை எண்டுறீர்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். சொல்லிவிட்டேன். "ஓம் ரீச்சர். உங்கட மற்றக் கதையளைப் பேப்பரில வெட்டி வைச்சிருக்கிறவள் நான். இது என்னை ஏமாத்திப் போட்டுது."

"ரீச்சர் கோவிக்க வாணாம்" என்றார் நிஸாம் சேர். "இந்தப் பொம்பளைக்கு என்ன வேணும் எண்டு எங்களுக்கு வெளங்கல்ல. அதுதான் விசயம்."

"என்ர வாசகருக்கு விளங்கும், நிஸாம்" என்று சொல்லி ரீச்சர் எழும்பினார். நாங்களும் எழும்பினோம். வாசல் கேற் வரைக்கும் வந்து அனுப்பினார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

மறுநாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். ரீச்சர் அவரோடு கதைத்திருக்கிறார். "மண்டபம் எடுத்தாச்சு, அழைப்பிதழ் அடிச்சாச்சு. பெரிய எழுத்தாளருக்குப் பாடம் எடுக்கவா நிஸாம் ஐயா நான் உங்கள வெச்சிருக்கேன்? எழுத்துப் பிழை பாருங்க, அனுப்புங்க."

"சரி முதலாளி. அச்சடிங்க. ஒண்டு மட்டும். அந்தத் தையக்காரி வார நாலு பக்கத்த எடுக்கக் கூடாது. எடுத்தா நான் நாளைலருந்து வார இல்ல."

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை. முதலாளி, நாலு பக்கம்தானே என்று விட்டுவிட்டார். ரீச்சரும் எப்படியோ சம்மதித்தார். புகையிரதத்தை மட்டும் நான் கழற்றினேன்.

வெளியீட்டுக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. மாலைகள், வாழ்த்துரைகள். ஒரு மாதம் போனது. பத்திரிகைகளில் வந்த ஒன்றிரண்டு விமர்சனங்களும் மரியாதையாக, வளைத்து வளைத்து, ஏமாற்றம் என்ற சொல்லில் வந்து நின்றன. புத்தகக் கட்டுகள் விற்காமல் அலுமாரியிலேயே கிடந்தன. எனக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. ரீச்சரை நினைத்து மனம் கனத்தது.

பிறகு ஒரு நாள் அலுவலகத் தொலைபேசியில் அவர் குரல் கேட்டது.

"பவானி, கோயில்ல கண்டவையும் கேக்கினம், கிளினிக்கில கண்டவையும் கேக்கினம், அந்தத் தையற்காரிக்குப் பிறகு என்ன நடந்தது, மகளுக்கு என்ன நடந்தது எண்டு. பிறகு நடந்ததைத்தானே அம்மா நான் மிச்சப் புத்தகம் முழுக்க எழுதியிருக்கிறன்."

நான் வாய் திறக்குமுன் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அடுத்த கிழமை எங்கள் மரப்படிகளில் மெதுவாக ஒரு காலடிச் சத்தம். வெயிலில் வியர்த்து, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, கனகம் ரீச்சர் ஏறி வருகிறார். எப்போதும் நாங்கள்தான் அவர் வீட்டுக்குப் போவோம். நிஸாம் சேர் எழும்பி ஓடிப்போய் நாற்காலி போட்டார்.

"அன்னாவுக்கு என்ன வேணும் எண்டு கேட்டனீங்கள்" என்றார் ரீச்சர். "இருந்து கதைப்பம்."

இனித்தான் நான் சொல்ல வந்த காலம். அது முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வாரத்தில் இரண்டு பின்னேரம் வேலை முடிந்து ரீச்சர் வீட்டில் இறங்குவேன். ஒவ்வொரு அத்தியாயமாக எடுத்து ஒரே கேள்வி. இந்த இடத்தில் அவளுக்கு என்ன வேண்டும், அதற்கு அவள் என்ன செய்தாள்?

முதல் நாள் ரீச்சர் "கௌரவம்" என்றார்.

"சரி ரீச்சர், அதுக்கு என்ன செய்தவ?"

தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு வேறு யாரைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னார்.

"அதிபர் பதவி எனக்குச் சும்மா வரேல்லை, பவானி. திரும்பத் திரும்ப விண்ணப்பிச்சனான். அதுக்கெண்டே சிங்களம் படிச்சனான். ஆரைப் போய்ப் பாக்க வேணுமோ அவையைப் போய்ப் பாத்தனான். கிடைச்ச பிறகு எல்லாரிட்டையும் என்ன சொன்னனான் தெரியுமோ? அவையள் கேட்டவை, மறுக்க ஏலாமப் போச்சு எண்டு. முதல் கதையும் அப்படித்தான். சிநேகிதி எனக்குத் தெரியாமல் அனுப்பினவ எண்டு சொல்லுவன். நானே தபாற்கந்தோருக்கு நடந்துபோய்ப் போட்டனான். எனக்கு வேணும் எண்டு சொல்ல வெக்கம். அப்படிச் சொல்லுற பொம்பிளையை ஆர் மதிக்கினம்? எல்லாம் தற்செயலாக் கிடைச்ச மாதிரிச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போட்டன். அன்னாவுக்கும் அதையே செய்து வைச்சிருக்கிறன்."

அந்தப் பின்னேரம் நாங்கள் மேற்கொண்டு ஒரு வரியும் எழுதவில்லை. ஆனால் அடுத்த முறை நான் போனபோது பல்லக்கு உடைகிற அத்தியாயம் போய்விட்டது. அதற்குப் பதிலாக அன்னா, துபாஷியின் தாய் எந்த வேதக் கோவிலுக்குப் போகிறாள், எந்த வாங்குப் பலகையில் இருக்கிறாள் என்று விசாரித்து, நாலு ஞாயிறு அவளுக்குப் பின்னால் உட்காருகிறாள். ஒல்லாந்து விதவை ஒருத்திக்கு இலவசமாகத் தைத்துக் கொடுத்து அவளிடம் பாஷை பழகுகிறாள். பெரிய வீட்டிலிருந்து துரத்தப்பட்ட சமையற்காரனைக் கெஞ்சி, மேசையில் கத்தி பிடிக்கப் பழகுகிறாள். கல்யாணத்துக்கு முதல்நாள் தாயிடம் வந்து, "இனி நீ என்னைத் தெரியாதவள் போல இரு" என்று கேட்கிறாள். தாய் துணியை மடித்துக்கொண்டே, "தையல் வேலை இருந்தால் கூப்பிடு" என்கிறாள்.

அந்தக் கடைசி வசனத்தை ரீச்சர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் கதிரையில் இருக்க மாட்டாமல் எழும்பி யன்னலடிக்குப் போய்விட்டேன். "என்ன, சரியில்லையோ?" என்று பதறினார். சரியில்லையாம். அந்த நாலு பக்கத்துக்கு அத்திவாரம் வந்துவிட்டது என்று எனக்கல்லவா தெரியும். இனி யாரும் அவளை வெறுக்கவும் முடியாது, விடவும் முடியாது.

கொள்ளைநோயும் போய்விட்டது. புது நாவலில் அன்னா சாகவில்லை. நரை விழுந்த பிறகும் தன் மகளை இன்னும் பெரிய இடத்தில் கொடுப்பதற்கு வழி தேடிக்கொண்டிருக்கிறாள். பழைய நாவலின் அரைவாசி அளவுதான் வந்தது.

ஆனால் முதலாளி கையை விரித்தார். "போன புத்தகமே கட்டுக் கட்டாக் கெடக்கு. அதே கதைய இன்னொரு வாட்டி அடிக்கச் சொல்றீங்களா?"

நிஸாம் சேர் வாதாடவில்லை. கோவில் வாங்கு வருகிற அத்தியாயத்திலிருந்து கல்யாணத்துக்கு முதல்நாள் வரையான தாள்களை அவர் மேசையில் வைத்துவிட்டு, "பத்து நிமிசம் முதலாளி" என்று கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் முதலாளி கணக்குப் பார்ப்பாரே தவிர நாவல் வாசிப்பவர் அல்ல. நாங்கள் இரண்டு பேரும் வெளியே நின்றோம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. தேத்தண்ணி கொண்டுபோனவரையும் திருப்பி அனுப்பிவிட்டார். வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"அப்புறம் என்ன ஆச்சு? அந்தத் தையக்காரக் கெழவி வந்தாளா?"

"அச்சடிச்சாத் தெரியும்" என்றார் நிஸாம் சேர்.

புதுப் பெயரில், புது அட்டையோடு, வெள்ளவத்தையில் ஒரு சின்ன மண்டபத்தில் வெளியீடு நடந்தது. போன முறை வந்த கூட்டத்தில் பாதிகூட இல்லை. ஆனால் புத்தகம் முதலே கடைகளுக்குப் போயிருந்ததால், வந்தவர்களில் பலர் வாசித்திருந்தார்கள். பின்வரிசையில் இரண்டு பெண்கள், அன்னா செய்தது சரியா பிழையா என்று கூட்டம் தொடங்கும் முன்பே சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையை நான் வாய்பிளந்து கேட்டுக்கொண்டு இருந்தேன். ஒரு பதிப்பாசிரியருக்கு அதைவிட இனிமையான சத்தம் கிடையாது.

பிரதம விருந்தினராக வந்தவர் பெரிய படிப்பாளி, நல்ல மனிதர். ரீச்சர்மேல் மெய்யான மதிப்புள்ளவர். மனம் நிறையப் பேசினார். முடிக்கும்போது சொன்னார்: "எங்கள் ரீச்சர் பதவியையோ புகழையோ ஒருநாளும் தேடிப் போனவர் அல்ல. அவை தாமாக இவரைத் தேடி வந்தன."

எல்லாரும் கைதட்டினார்கள். ஏற்புரைக்காக ரீச்சர் எழும்பினார். கையில் எழுதிவைத்திருந்த தாளை விரித்தார். பிறகு மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு மைக்கைத் தனக்கு நேராக இழுத்தார்.

"ஐயா அன்பாலதான் சொன்னவர். ஆனா அது உண்மையில்லை. நான் தேடினனான். விடிய வெள்ளன எழும்பி, உலையை வைச்சுப்போட்டு, அடுப்படியில இருந்து எழுதித் தேடினனான். கேக்க வேண்டிய ஆக்களிட்டைப் போய்க் கேட்டனான். சிலர் தந்தவை, சிலர் கதவைச் சாத்தினவை. திரும்பவும் போனனான்."

நிஸாம் சேர் என் பக்கத்தில் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மேடையில் பிரதம விருந்தினர் ரீச்சரை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஒரு புன்னகை மெதுவாக வந்துகொண்டிருந்தது.

"எனக்கு இப்ப எழுபத்திரண்டு வயது" என்றார் ரீச்சர். "இன்னும் வேணும்."

சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். நன்றி சொல்ல மறந்துவிட்டார்.